அணியைக் கலைத்துக் கட்டுதல்

உதைபந்தாட்டத்தைத் தொழிலாகக் கொண்ட ஒரு கழகத்தின் வருங்காலம், பருவத்தின் கடைசி ஆட்டம் முடிவுற்று வீரர்கள் தத்தம் ஊர்களுக்குப் பிரிந்துபோன நாளுக்கும், மறு பருவத்தின் பயிற்சிக்காக அவர்கள் மீண்டும் வந்து கூடுகின்ற நாளுக்கும் இடைப்பட்ட சில மாதங்களிலே, மைதானம் வெறுமையாய்க் கிடக்க, அலுவலக அறையொன்றில் சில கடதாசிகளின் மேல் பெரும்பாலும் நிர்ணயமாகிவிடுகின்றது. எவரை வைத்துக்கொள்வது, எவரை விடுவது, விட்டவரின் இடத்துக்கு எவரைக் கொணர்வது, கொணரப்பட்டவருக்கு எத்தனை ஆண்டுக்கு எவ்வளவு சம்பளம் தருவது என்னும் வினாக்களுக்கு அந்த அறையில் கிடைக்கின்ற விடைகளே, ஆறு மாதத்தின் பின் மைதானத்தைச் சூழ்ந்து நிற்கும் ஆயிரக்கணக்கான மக்களின் மகிழ்ச்சியாகவோ துயரமாகவோ பரிணமிக்கின்றன. இந்த வழக்கத்தின் குணம் யாது, குற்றம் யாது என்று நாடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகின்றேன்: வருவோரைத் தெரிந்தெடுப்பதில் கழகங்கள் செலுத்துகின்ற கவனத்தில் பாதியைத்தானும், இருப்போர் ஒருவரோடொருவர் மைதானத்தில் கொண்டுள்ள உறவை அறிந்துகொள்வதில் அவை செலுத்துவதில்லை, பெருந்தோல்விகள் பல அங்கேதான் பிறக்கின்றன.

வட்டுக்கோட்டையிலிருந்து இதைப் பற்றி எழுதுவதற்கு நியாயம் உண்டு. யாழ்ப்பாணக் கல்லூரி மைதானத்திலும், சங்கரத்தை, சித்தங்கேணி, அராலிப் பக்கத்து வெளிகளிலும், மாலை வெயில் தணிந்ததும் பந்தோடு இறங்குகின்ற பிள்ளைகளைக் கண்டு வளர்ந்த எமக்கு இவ்விளையாட்டின் மீது இருக்கும் பற்று சிறிதன்று. ஆயினும் அதைத் தொழிலாக ஆடும் கழகம் என்ற ஸ்தாபனம் இன்றுவரை எம்மிடம் வந்து சேரவில்லை. 2021 ஏப்ரலில் இலங்கையின் சுப்பர் லீக் தொடங்கியபோது அதில் இடம்பெற்ற பத்துக் கழகங்களுள் வடமாகாணத்துக் கழகம் ஒன்றேனும் இல்லை. மூன்று கழகங்கள் தரைப்படை, கடற்படை, வான்படை ஆகியவற்றுக்கு உரியவை. பின்னர் 2023 ஜனவரியில் உலக சம்மேளனமாகிய பீஃபா இலங்கைச் சம்மேளனத்தின் அங்கத்துவத்தை இடைநிறுத்தி, அந்த ஆண்டு ஆகஸ்டிலேதான் தடையை நீக்கியது. ஆகவே தொழில்முறைக் கழகமொன்று தன் அணியை எப்படிக் கலைக்கின்றது, எப்படிக் கட்டுகின்றது என்பதைத் தமிழ் வழங்கும் நிலத்திலேயே கண்டறிய விரும்பும் எம்மவர் பாக்கு நீரிணைக்கு அப்பால்தான் நோக்க வேண்டியிருக்கின்றது. அங்கே சென்னையின் எஃப்.சி., சென்னை சிட்டி என்னும் இரண்டு கழகங்களின் சரித்திரம், இவ்விஷயத்தில் எந்தப் பாடப்புத்தகமும் தரமுடியாத அளவுக்குத் தெளிவான சான்றுகளைத் தருகின்றது.

அதற்கு முன் இக்காரியம் நடைபெறும் விதத்தைச் சுருக்கமாகக் காண்போம். பயிற்றுநரும் வீரர் தெரிவுக்குப் பொறுப்பான அதிகாரியும் ஓர் அட்டவணையை வைத்துக்கொண்டு அமர்கின்றனர். பெயர், வயது, ஆடும் இடம், சென்ற பருவத்தில் ஆடிய நிமிடங்கள், காயங்கள், சம்பளம், ஒப்பந்தம் முடியும் மாதம் என்பன அதன் நிரல்கள். இவற்றுள் கடைசி நிரலே ஏனையவற்றை ஆளுகின்றது. பீஃபாவின் விதிப்படி ஒப்பந்தம் ஐந்தாண்டுக்கு மேற்படுதல் கூடாது. ஒப்பந்தம் முடிவதற்கு ஆறு மாதம் இருக்கும்போதே வீரர் வேறொரு கழகத்தோடு உடன்பட்டுக்கொள்ளலாம். 1995 டிசம்பரில் பொஸ்மன் என்னும் பெல்ஜிய வீரரின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, ஒப்பந்தம் முடிந்த வீரரை விடுவதற்குக் கழகம் பணம் கேட்கும் வழக்கத்தை அங்கே ஒழித்தது. பின்னர் உலகம் முழுவதும் அந்த நியாயத்தையே தழுவிற்று. எனவே ஓய்வுக்காலத் திட்டம் எனப்படுவது உண்மையில் பருவத்தின் நடுவிலேயே தொடங்கியாகவேண்டும். அப்போது அணி வெற்றிகளில் திளைத்துக்கொண்டிருந்தால் அவசரம் தோன்றுவதில்லை; தோல்விகளில் உழன்றுகொண்டிருந்தால் அவகாசம் கிடைப்பதில்லை. இரண்டு நிலையிலும் வேலை பிற்போடப்படுகின்றது. பிந்தியவருக்குச் சந்தையில் எஞ்சியவரே கிடைக்கின்றனர்.

இந்தியாவில் இதன் மேல் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. இந்தியன் சுப்பர் லீக்கில் ஒரே வேளையில் களத்தில் நிற்கக்கூடிய வெளிநாட்டு வீரர் தொகை, தொடக்கத்தில் ஆறாக இருந்து, 2017–18 பருவத்தில் ஐந்தாகவும், 2021–22 பருவத்தில் நான்காகவும் குறைக்கப்பட்டது. பதினொருவரில் ஐவர் இந்தியராக இருந்த காலம் போய் எழுவர் இந்தியராக இருக்கவேண்டிய காலம் வந்தபோது, நல்ல இந்திய வீரரின் பெறுமதி பலமடங்கு உயர்ந்தது. அவரை வளர்க்காத கழகம் அவரை விலைகொடுத்து வாங்கவேண்டியதாயிற்று.

இனி 2018ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு மார்ச் 17ஆம் திகதி, பெங்களூரு அணியை அதன் சொந்த மைதானத்தில் 3–2 என்று வென்று சென்னையின் இரண்டாம் முறையாக லீக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. சுனில் சேத்ரியின் கோலால் பெங்களூரு முன்னிலை பெற்றிருந்த ஆட்டத்தை மாற்றியவை, கிரகரி நெல்சன் மூலையிலிருந்து உதைத்த இரண்டு பந்துகளும், அவற்றை நோக்கி உயர எழும்பித் தலையால் அடித்து வலைக்குள் செலுத்திய பிரேசில் நாட்டுப் பின்கள வீரர் மைல்சன் ஆல்வெஸின் தீரமுமேயாம். மூன்றாம் கோலை அடித்தவர் ரஃபேல் அகுஸ்டோ. பயிற்றுநர் ஜான் கிரகரி. லீக் சுற்றிலே அந்த அணி 18 ஆட்டங்களில் 32 புள்ளிகள் பெற்று இரண்டாம் இடத்தில் நின்றது. அடுத்த பருவத்தில் அதே கழகம் அதே பயிற்றுநரின் கீழ் அதே 18 ஆட்டங்களில் இரண்டே வெற்றிகளோடு 9 புள்ளிகள் பெற்றுப் பத்துக் கழகங்களுள் பத்தாவதாக வீழ்ந்தது. ஒரு கோடை காலத்துக்குள் இப்படி உச்சியிலிருந்து அடிக்கு வந்த வீழ்ச்சியை எவ்வாறு விளக்குவது?

கலைத்ததனால் கெட்டது என்று எளிதிற் சொல்லிவிடலாம். ஆனால் உண்மை அவ்வளவு எளிதாக அகப்படவில்லை. இறுதியாட்டத்தின் மூன்று கோல்களையும் உருவாக்கிய ஆல்வெஸ், நெல்சன், அகுஸ்டோ ஆகிய மூவரும் மறு பருவத்திலும் இருந்தனர். இந்திய வீரருள் பெரும்பகுதியினரும் இருந்தனர். ஜேஜே லால்பெக்லுவா இருந்தார், அனிருத் தாபா இருந்தார், காவலர் கரன்ஜித் சிங் இருந்தார். பெயர்ப் பட்டியலை மட்டும் பார்த்தால், இதைவிடக் கவனமாக ஓர் அணியைப் பேணியிருக்க முடியாது என்றே தோன்றும். போனவர்கள் சிலரே: அணித் தலைவராயிருந்த போர்த்துக்கேயப் பின்கள வீரர் செரேனோ போனார், சுலோவீனிய நடுக்கள வீரர் மிஹெலிச் டெல்லிக்குப் போனார், தமிழ்நாட்டு வியாசர்பாடியில் வளர்ந்த நடுக்கள வீரர் தனபால் கணேஷ் முழங்காற் காயத்தால் அந்தப் பருவத்தையே இழந்தார். அவர்கள் விட்டுச்சென்ற இடங்களுக்கு எலி சபியா, ஆந்திரேயா ஒர்லாண்டி முதலானோர் வந்தனர். ஐரோப்பியக் களங்களிலும் பிறவிடங்களிலும் அநுபவம் பெற்றவர்கள் அவர்கள்.

ஆனால் செரேனோ, கணேஷ், மிஹெலிச் ஆகிய மூவரும் நின்ற இடங்களை ஒரு கோட்டாற் சேர்த்துப் பார்க்கவேண்டும். பின்களத்தின் நடுவில் ஒருவர். அவருக்கு முன்னே எதிரியின் பந்தை வெட்டிப் பறிப்பவர் ஒருவர். அவரிடமிருந்து பந்தைப் பெற்று முன்களத்துக்கு அனுப்புபவர் ஒருவர். அணியின் முள்ளந்தண்டு எனத் தக்க நேர்கோடு முழுவதும் அந்த ஒரே கோடையில் அகன்றுபோயிற்று. விளைவைக் காட்ட ஒரு வீரரின் கணக்கே போதும்: 2017–18இல் ஒன்பது கோல்கள் அடித்த ஜேஜே, 2018–19 லீக்கில் ஒன்றையே அடித்தார். அவருடைய கால் மாறவில்லை. அந்தக் காலுக்குப் பந்து வந்துசேர்ந்த வழி அடைபட்டுவிட்டது. அட்டவணையில் ஜேஜே என்ற பெயருக்கு நேரே “வைத்துக்கொள்க” என்று எழுதியவர்கள், எந்த ஜேஜேயை வைத்துக்கொண்டோம் என்று விசாரித்திருந்தால், அவருக்குப் பின்னே நின்ற இருவரையும் அவரோடு சேர்த்தே எண்ணியிருப்பர். வீரர் ஒருவரைத் தனிப்பொருளாக எண்ணி எடையிடுவது இந்த வழக்கத்தின் முதற் குறை. அட்டவணை என்னும் கருவியிலேயே அது ஊறியிருக்கின்றது.

இதே கோடையில், இதே தமிழ்நாட்டில், கோயம்புத்தூரைக் களமாகக் கொண்ட சென்னை சிட்டி கழகமும் தன் அணியைத் திருத்திற்று. ஐ-லீக்கில் 2017–18இல் எட்டாம் இடம் பெற்றுத் தப்பிப்பிழைத்த சிறிய கழகம் அது. சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் என்னும் பயிற்றுநரை அது கொணர்ந்தது. அவருடைய ஆட்டமுறை, பந்தை நிலத்திலே வைத்துப் பின்களத்திலிருந்தே சிறு கடத்தல்களாக முன்னேற்றுவது. அதற்கு இசைந்த ஸ்பானிய வழி வீரர்களாகிய பெட்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சான்ட்ரோ ரொட்ரிகேஸ், ரொபர்ட்டோ எஸ்லாவா ஆகியோர் வந்தனர். ஒரே பள்ளியில் படித்தவர்களைப் போல ஒரே ஆட்டமொழியைப் பேசுகின்றவர்கள் அவர்கள். அவர்களைச் சூழ எட்வின் சிட்னி வன்ஸ்போல், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், அஜித் குமார், மைக்கல் ரெஜின் முதலிய தமிழ்நாட்டு இளைஞர்கள் ஆடினர். பெரிய கழகங்கள் நாடாத இளைஞர்கள் என்றபடியால் அவர்களுக்கு விலை இல்லை. ஆனால் ஒன்றாக ஆடிய பழக்கம் இருந்தது.

2019 மார்ச் 9ஆம் திகதி கோயம்புத்தூரில் நடந்த கடைசி ஆட்டத்தை ஒளிபரப்பில் பார்த்தவர் எவரும் மறந்திருக்கமாட்டார். வென்றால் சாம்பியன் என்ற நிலையில் ஆடவந்த சென்னை சிட்டிக்கு எதிராக மினர்வா பஞ்சாப் தொடக்கத்திலேயே ஒரு கோல் அடித்துவிட்டது. கிழக்கு வங்காளக் கழகம் ஒரேயொரு புள்ளி பின்னே, வேறொரு மைதானத்தில், இவர்களின் சறுக்கலை எதிர்பார்த்து ஆடிக்கொண்டிருந்தது. அந்நிலையிலும் சிட்டி வீரர் பந்தை வானத்தில் உதைத்து ஓடவில்லை. பருவம் முழுவதும் பயின்ற சிறு கடத்தல்களையே தொடர்ந்தனர். மான்சி தண்ட உதையாற் சமன்செய்ய, பின்கள வீரர் கௌரவ் போரா இரண்டு கோல்கள் அடித்தார். 3–1 என்ற வெற்றியோடு 43 புள்ளிகள். கிழக்கு வங்காளத்துக்கு 42. மான்சி அப்பருவத்தில் 21 கோல்கள் அடித்தார். அணித் திருத்தம் என்னும் காரியத்துக்குரிய லக்ஷணம் இதுவே என்று நான் கருதுகின்றேன்: முதலில் ஆட்டமுறை, பின்னர் அதை அறிந்த பயிற்றுநர், பின்னர் அதற்கு இசைந்த வீரர். பெயரைக் கண்டு வீரரை வாங்கி, வாங்கியவர்களுக்கு ஏற்ற முறையைப் பின்னர் தேடுகின்ற கழகங்கள் இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கிவிடுகின்றன.

ஆனாலும் இச்சிறு கழகத்தின் கதை அவ்விடத்தில் நிற்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லியாகவேண்டும். வெற்றி பெற்ற வீரரை வறிய கழகம் வைத்திருப்பது கடினம். கோர்டில்லோ ஹைதராபாத்துக்குப் போனார்; எட்வின் சென்னையினுக்குப் போனார்; மான்சி 2020 தொடக்கத்தில் பருவத்தின் நடுவிலேயே ஜப்பானியக் கழகமொன்றுக்குப் போனார்; ரொமாரியோ கோவாவுக்கும் அஜித் குமார் பெங்களூருவுக்கும் போயினர். சுவிற்சர்லாந்தின் பாசல் கழகம் 26 சதவீதப் பங்கை வாங்கியும் நிலை திருந்தவில்லை. 2021–22 பருவத்தின் ஐ-லீக் பட்டியலில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை. கட்டிய அணியைக் காப்பதற்குரிய பணமும் நிர்வாகமும் இல்லாதவிடத்து, எத்துணை நுட்பமான திருத்தமும் ஓராண்டுக் கீர்த்தியோடு முடிந்துபோகும். சாம்பியன் கழகமொன்று மூன்றாண்டுக்குள் லீக்கிலிருந்தே மறைந்தது எனக்கு இன்றுவரை ஆறாத வருத்தம்.

சென்னையினின் கதைக்குத் திரும்பினால், 2019–20 பருவம் வேறொரு பாடத்தைத் தருகின்றது. கடைசி இடத்துக்கு வீழ்ந்த அவமானத்தின் பின் அக்கழகம் வெளிநாட்டு வீரரைப் பெரும்பாலும் மாற்றியது. லித்துவேனியாவின் நெரியுஸ் வால்ஸ்கிஸ், பிரேசிலின் ரஃபேல் கிரிவெல்லாரோ, மால்டாவின் ஆந்திரே ஷெம்ப்ரி ஆகியோர் வந்தனர். லாலியன்சுவாலா சாங்டே என்னும் மிசோராம் இளைஞரும் வந்தார். முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோலும் இல்லை. ஆறு ஆட்டங்களில் ஒரே வெற்றி. திட்டம் தோற்றது என்று அனைவரும் தீர்ப்புக் கூறிய வேளையில் பயிற்றுநர் கிரகரி விலக, டிசம்பரில் ஸ்கொட்லாந்தின் ஓவன் கொயில் வந்தார். அவர் அந்த அணியை அதிகம் மாற்றவில்லை. கிரிவெல்லாரோவுக்கு முன்களத்தின் பின்னே திரிகின்ற சுதந்திரத்தைத் தந்து, ஓட்டத்தை முன்னே தள்ளினார். நான்காம் இடம் பெற்று அரையிறுதிக்கு வந்த அணி, கோவாவை இரண்டு ஆட்டங்களிலுமாக 6–5 என்று தாண்டி இறுதியாட்டத்துக்குச் சென்றது. கொரோனாவின் காரணமாகப் பார்வையாளரின்றி நடந்த அந்த ஆட்டத்தில் ஏ.ட்டி.கே. அணியிடம் 3–1 என்று தோற்றாலும், 15 கோல்கள் அடித்த வால்ஸ்கிஸ் அப்பருவத்தின் அதிக கோல்களுக்கான தங்கப் பாதணியைப் பெற்றார். ஓய்வுக்காலத்தில் தெரிவுசெய்யப்பட்ட வீரர் நல்லவரா என்ற வினாவுக்கு, அவரைப் பயன்படுத்துகின்றவர் யார் என்பதை ஒதுக்கிவிட்டு விடை காண இயலாது என்பதற்கு இதனினும் தெளிந்த உதாரணம் வேண்டுமா?

பின்பு நடந்ததுதான் மிகவும் வருந்தத்தக்கது. 2020இல் கொயிலும் வால்ஸ்கிஸும் ஜம்ஷெட்பூருக்குப் போய்விட்டனர். சென்னையினுக்கு ஹங்கேரி வழிவந்த சாபா லாஸ்லோ பயிற்றுநரானார். முன்களத்தில் மீண்டும் புதிய வெளிநாட்டவர். 20 ஆட்டங்களில் மூன்று வெற்றி, ஆறு தோல்வி, பதினொரு சமநிலை. அடித்த கோல்கள் 17 மாத்திரமே; கிடைத்தது எட்டாம் இடம். அதற்கடுத்த இரண்டு பருவங்களிலும் பயிற்றுநர் மாறினர். எட்டாம் இடம் மாறவில்லை. கொயிலோ ஜம்ஷெட்பூரில் இரண்டாண்டு நிலைத்து, 2021–22இல் லீக் சுற்றின் முதலிடத்துக்கான கேடயத்தைப் பெற்றார். அவர் 2023இல் சென்னையினுக்குத் திரும்பியபோது அணி ஆறாம் இடத்துக்கு உயர்ந்தது. ஆனால் 2024–25இல் பதினோராம் இடத்துக்குத் தாழ்ந்தது. வெளிநாட்டு வீரருக்குப் பெரும்பாலும் ஓராண்டு ஒப்பந்தமே தருகின்ற வழக்கம் இந்த ஊசலாட்டத்தின் அடிப்படைக் காரணம் என்பது என் துணிபு. ஓராண்டுக்கு வந்தவர் ஆறாம் மாதத்தில் அடுத்த இடத்தைத் தேடத் தொடங்குவது இயல்பு. அவரைக் குறைசொல்வதற்கில்லை, அவருக்கும் குடும்பம் உண்டு. அவரோடு பழகி அவருடைய ஓட்டத்தை அறிந்துகொண்ட உள்ளூர் இளைஞர், மறு பருவத்தில் அந்த அறிவை எவரிடத்தும் பயன்படுத்த முடியாமல், வேறொரு அந்நியரின் ஓட்டத்தை முதலிலிருந்து கற்கவேண்டியவராகின்றார்.

விட்டுவிடுதலிலும் இதே அவசரம் தலைகாட்டுகின்றது. 2022 ஜனவரியில் சாங்டே மும்பைக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவர் 2022–23 பருவத்தில் இந்தியாவின் ஆண்டுச் சிறந்த வீரராகத் தெரிவானார். 2016இலிருந்து கழகத்தில் வளர்ந்த அனிருத் தாபா 2023இல் மோகன் பகானுக்குப் போனார். தாபாவின் பிரிவு விலைபெற்ற பிரிவாதலால் அதைத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். சாங்டேயின் பிரிவோ, இளைஞர் ஒருவரின் தடுமாற்றக் காலத்தை அவருடைய முழு அளவாக எண்ணிக்கொண்டதன் பலன். இருபத்துநான்கு வயது வீரரின் ஒரு மோசமான அரைப்பருவம் எதையும் நிரூபிப்பதில்லை.

குறைகளை இவ்வளவு விரித்தபின் இவ்வழக்கத்தின் நன்மைகளையும் மறைக்காமற் சொல்லவேண்டும். அணியைத் தொடாமல் வைத்திருப்பதும் ஆபத்தே. வயது எவரையும் விடுவதில்லை. மூத்த பின்கள வீரர் ஒருவரின் கால் ஓர் அடி பிந்துவதைக் கண்டும், நன்றியுணர்ச்சியால் அவரை வைத்திருந்து, அவரையும் அணியையும் ஒருசேர அவமானத்துக்குள்ளாக்கிய கழகங்கள் எத்தனையோ. பருவந்தோறும் கணக்குப் பார்ப்பது பயிற்றுநரை நேர்மையாக்குகின்றது. வாங்கில் உட்கார்ந்திருந்த இளைஞருக்குக் கதவைத் திறக்கின்றது. ஒருவரை மாற்றாது விட்டாலும் கெடும், ஒருவர் போனாலும் கெடும் என்பதற்கு இங்கிலாந்தின் லெஸ்டர் சாட்சி: 2015–16இல் உலகத்தை வியக்கவைத்துச் சாம்பியனான அந்த அணியிலிருந்து பெரும் பெயர்களுள் என்கோலோ கான்டே ஒருவரே செல்சிக்குப் போனார், மறு பருவத்தில் பன்னிரண்டாம் இடம், நடுவிலேயே பயிற்றுநர் ரனியேரியும் நீக்கப்பட்டார். மறு எல்லைக்கு ரொட்டன்ஹாம்: 2013இல் கரத் பேலை ரியால் மாட்ரிட்டுக்கு உலகச் சாதனை விலைக்கு விற்று, அந்தப் பணத்தில் ஏழு வீரரை ஒரே கோடையில் வாங்கிற்று. டிசம்பரில் பயிற்றுநர் நீக்கப்பட்டார். பருவ முடிவில் ஆறாம் இடம். அந்த எழுவருள் கிறிஸ்டியன் எரிக்சன் பின்னாளில் அக்கழகத்தின் பேராபரணமானார். வந்தவர் மோசமல்லர், எழுவரும் ஒருங்கே வந்ததுதான் மோசம்.

இனி எம் ஊர்க் கழகங்களைப் பார்ப்போம். அவையும் ஆண்டுதோறும் கலைந்து கட்டப்படுகின்றவையே. பணத்துக்காக வீரரைப் பறிகொடுக்கும் நிலை அவற்றுக்கு இல்லை. கனடாவுக்கும் பிரான்சுக்கும் லண்டனுக்கும், பேராதனைக்கும் மொறட்டுவைக்கும், கொழும்பு உத்தியோகத்துக்கும் அவை வீரரைக் கொடுக்கின்றன. சென்ற ஆண்டு வலது பக்கத்தில் மின்னலாய் ஓடிய பையனை இந்த ஆண்டு விசாரித்தால், “அவன் போட்டான் அண்ணை, போய் மூண்டு மாசம்” என்கிறார்கள். நிர்வாகத்தினருக்கு மாற்று வீரர் வாங்கும் சந்தை கிடையாது. கல்லூரி அணியின் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகளே சந்தை. வடலி வளர்த்துக் கள்ளுக் குடிக்கின்ற பொறுமை வேண்டிய காரியம் இது. பாடசாலைப் பயிற்றுநர்களுக்கோ வயதெல்லை என்னும் விதியால் அணியின் மூத்த பாதி ஆண்டுதோறும் நீங்கியே ஆகவேண்டும். அப்படி இருந்தும் தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் பெண்கள் அணி அகில இலங்கைப் பாடசாலைப் போட்டிகளில் மீண்டும் மீண்டும் முதலிடத்துக்கு வருகின்றது. இளவாலை புனித ஹென்றியரசர் கல்லூரியின் பெயர் உதைபந்தாட்டத்தில் தலைமுறை தாண்டி நிலைக்கின்றது. பதினாறு வயதுப் பிரிவிலேயே மேற்பிரிவின் ஆட்டமுறையைப் பயிற்றுவிப்பதனால், ஒருவர் நீங்கும்போது அவருடைய இடத்தின் கடமையை அறிந்த இன்னொருவர் காத்திருக்கிறார் என்பதே இதன் காரணம் என்று நான் எண்ணுகின்றேன். பெருங்கழகங்கள் கோடி கொடுத்தும் பெறாத செல்வம் இது.

ஆயினும் எம் முறையைப் பரிபூரணமானது என்று கொண்டாட என் மனச்சாட்சி இடந்தராது. ஊர்க் கழகத்துக்கு ஊரவரே ஆடவேண்டும் என்ற உணர்ச்சி, பல இடங்களில் இன்னார் பிள்ளைதான் ஆடவேண்டும் என்ற பிடிவாதமாகச் சுருங்குகின்றது. இரண்டு மைல் அப்பாலுள்ள குறிச்சியில் அதே இடத்தில் அந்தப் பிள்ளையினும் சிறப்பாக ஆடுகின்ற பையன் இருந்தும், அவனை அழைப்பதற்குச் சாதி குறுக்கே நிற்கின்ற கொடுமை இன்னும் முற்றாக ஒழியவில்லை. தகுதியை அளந்து தெரிவுசெய்யும் பழக்கம் தொழில்முறைக் கழகங்களிடமிருந்து நாம் கட்டாயம் கற்கவேண்டியது. ஸ்பெயினின் பில்பாவோ கழகம் பாஸ்க் நாட்டோடு தொடர்புடைய வீரரை மட்டுமே நூறாண்டுக்கு மேலாக ஏற்றுவந்தும், அந்நாட்டின் முதற் பிரிவிலிருந்து ஒருமுறையேனும் இறங்காமல், 2024இல் நாற்பதாண்டு இடைவெளிக்குப் பின் மன்னர் கிண்ணத்தை வென்றது. எல்லையை வகுத்துக்கொண்டாலும், அந்த எல்லைக்குள் எந்த வீட்டுப் பிள்ளை என்று அது பார்ப்பதில்லை. எல்லையின் எந்த மூலையிலும் திறமையைத் தேடுவதற்கு ஆட்களை வைத்திருக்கின்றது.

வடக்கில் ஒரு தொழில்முறைக் கழகம் தோன்றவேண்டும் என்று ஆசைப்படுகின்றவருள் நானும் ஒருவன். நாவாந்துறையிலும் குருநகரிலும் மன்னாரிலும் முல்லைத்தீவிலும் பந்தோடு வளர்கின்ற பிள்ளைகள் தம் ஊரை விட்டுப் போகாமலே அதனால் சீவிக்கக்கூடிய காலம் வரவேண்டும். அது வரும்போது, சென்னையினைப் பார்த்துக் கோடைதோறும் ஆறு அந்நியரை இறக்குகின்ற வழக்கத்தை அக்கழகம் பின்பற்றலாகாது. ஒரே கோடையில் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்ட வீரரின் ஒப்பந்தம் முடியாதபடி ஆண்டுகளைப் பகிர்ந்து எழுதிக்கொள்ளவேண்டும். பின்களத்தின் நடுவிலிருந்து முன்களம்வரை செல்லும் நேர்கோட்டில் ஒரே ஆண்டில் ஒருவருக்கு மேல் மாறாமற் காக்கவேண்டும். வெளியிலிருந்து வருகின்றவருக்கு இரண்டாண்டுக்குக் குறையாத ஒப்பந்தம் தந்து, அவருக்குப் பக்கத்தில் உள்ளூர் இளைஞர் ஒருவரை நிறுத்தவேண்டும். 2025 ஜூலையில் இந்தியன் சுப்பர் லீக்கே நடத்துநரின் உரிமை ஒப்பந்தச் சிக்கலால் நிறுத்திவைக்கப்பட்டு, கழகங்கள் பருவம் எப்போது தொடங்கும் என்றறியாது வீரரின் சம்பளத்துக்கு வழியின்றித் திகைத்து நின்றதை நாம் கண்டோம். ஆகையால் ஓராண்டு லீக் நடவாவிட்டாலும் வீரரை வைத்திருக்கக்கூடிய அளவுக்கே சம்பளப் பட்டியல் அமையவேண்டும். அக்கழகம் செய்கின்ற முதல் நியமனம் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் அணியின் பயிற்றுநருடையதாக இருக்கட்டும். அவருடைய ஒப்பந்தம் முதலணிப் பயிற்றுநரின் ஒப்பந்தத்தைவிட நீண்டதாகவும் இருக்கட்டும்.